பெரியம்மா என்றுதான் கத்தினேன்

எங்கள் கல்லூரி முதல்வர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. கோப்பைகள் வைப்பதற்கென்றே செய்தது. நான் சேர்ந்தபோது அதில் கட்டுரைப் போட்டியில் யாரோ வாங்கிய ஆறுதல் பரிசுக் கேடயமும் முதல்வரின் மழைக்குடையும் மட்டும் இருந்தன. மூன்று வருஷம் கழித்து அந்தக் குடை வெளியே வந்தது. எங்கள் கோப்பைக்கு இடம் வேண்டியிருந்தது. குடையை வெளியேற்றிய பெருமை எங்களுடையது, அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

நான்தான் கூடைப்பந்து அணித் தலைவி. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய், அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று மற்ற நால்வருக்கும் கத்திச் சொல்வது என் வேலை. அதற்காகவே பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள், பாராட்டாக அல்ல. அணியில் எனக்குத் 'தொண்டை' என்று பெயர். வளையத்துக்குக் கீழே நிற்பவள் நெட்டை. உயரம் எவ்வளவு அதிகமோ பேச்சு அவ்வளவு குறைவு. தூரத்திலிருந்து பந்து போடுபவள் கண்ணாடி, மூக்குக்கண்ணாடியை எலாஸ்டிக் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடுவாள். எதிராளியோடு ஒட்டினால் விடாதவள் பல்லி. ஐந்தாவது ஆள் முதலாமாண்டு. பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவள் இன்னும் எந்தத் தப்பும் செய்யாததால் 'புதுசு' என்றே கூப்பிட்டோம்.

பயிற்சியாளர் என்று தனியாக யாரும் கிடையாது. புள்ளியியல் மிஸ் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டியிருந்தார்கள். அவர் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் யார், எங்கிருந்து, எத்தனை தடவை போட்டாள், எத்தனை விழுந்தது என்று கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்திருப்பார். கோபம் வந்தால் கத்த மாட்டார், தாளை நம் பக்கம் திருப்பி வைப்பார். அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாமே என்று தோன்றும்.

அந்தத் தாளில் என் பெயருக்கு நேரே ஒரு கட்டம் ஒரு வருஷமாகப் பூஜ்யமாகவே இருந்தது. 'கடைசிப் பத்து நிமிடத்தில் வளையத்தை நோக்கிப் போட்டது' என்ற கட்டம். விழுந்தது பூஜ்யம் என்றால்கூடப் பரவாயில்லை. போட்டதே பூஜ்யம்.

காரணம் போன வருஷக் காலிறுதி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். சில விநாடிகள்தான் மிச்சம். பந்து என் கையில், வளையத்துக்கு வலப்பக்கம், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எழுந்து நிற்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் போட்டிருப்பார்கள். நான் போட்டேன். பந்து விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே விழுந்தது. அன்றைக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நெட்டை என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதிலிருந்து ஆட்டம் இறுகும் நேரத்தில் பந்து கைக்கு வந்தாலே அதை வைத்திருக்கப் பயம். உடனே யாருக்காவது தள்ளிவிடுவேன். பார்ப்பவர்கள், எவ்வளவு பெருந்தன்மையான ஆட்டக்காரி என்று பேசிக்கொள்வார்கள். நானும் ஆமாம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

அக்காவிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகவில்லை. அவள் எங்கள் கல்லூரியின் முதல் கூடைப்பந்து அணியில் ஆடியவள். மூன்று வருஷம் ஆடி மொத்தம் இரண்டு ஆட்டம் ஜெயித்தவர்கள் அவர்கள். இப்போது மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், நாலு வயதில் ஒரு மகள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"எல்லாருக்கும் பந்து குடுக்குறேன்னு பெருமையா சொல்லிக்காத. நீ குடுக்கல. தள்ளிவிடுற."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததை வீட்டில் யாரும் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இந்த வருஷப் போட்டியில் பத்துக் கல்லூரிகள்; லீக் சுற்று முடிந்த பிறகுதான் காலிறுதி. முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வினோம். எல்லாரையும் போல நாங்களும் எங்கள் திட்டங்களுக்கு எண்தான் வைத்திருந்தோம். நான் 'ஒண்ணு' என்று கத்தினால் பாதிப் பேருக்கு 'மூணு' என்று கேட்கும். எங்களுக்குத்தான் கேட்காது, எதிரணிக்கு நன்றாகவே கேட்டது. நாங்கள் நகர்வதற்கு முன்பே அவர்கள் அங்கே போய் நின்று எங்களை வரவேற்றார்கள்.

அடுத்த நாள் பயிற்சியில் எனக்குக் கடுப்பு. நெட்டை வளையத்தடியில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "வந்தவங்கள எல்லாம் வேடிக்க பாக்குற பெரியம்மா மாதிரி நிக்காத, பந்த வாங்கு" என்று கத்தினேன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்து நிமிடம் கழித்து ஏதோ குறும்பில் மறுபடி "பெரியம்மா" என்று கத்தினேன். நான்கு பேரும் ஒரு விநாடி யோசிக்காமல் சரியான இடத்துக்குப் போய் நின்றார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மிஸ் தாளில் எதையோ எழுதிக்கொண்டு, இனி எண் வேண்டாம் என்றார்.

அப்படித்தான் எங்கள் ஆட்டம் ஒரு குடும்பமானது. எல்லாப் பஞ்சாயத்தும் கடைசியில் நெட்டையிடம் போய்ச் சேர்ந்தால் அது பெரியம்மா. எதிராளி போகிற வழியில் குறுக்கே போய் நின்றுகொண்டு, கையும் வைக்காமல் நகரவும் செய்யாமல் வழிமறித்தால் அது நாத்தனார். இதற்குப் பெயர் வைத்தவள் பல்லி; அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. பந்து எதிரணி கைக்குப் போன நிமிடத்திலிருந்து மைதானம் முழுக்க மூச்சுவிடாமல் துரத்தினால் மாமியார். அதற்கும் பல்லிதான். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்கு ஓடினால் பங்காளி.

சித்தி என்று ஒன்றும் இருந்தது. அதை உருவாக்கியவள் நெட்டை. அவள் வளையத்தடியை விட்டு மேலே ஓடி வருவாள். நான் பந்தை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் முதுகைச் சுற்றி ஓட வேண்டும். அவள் பந்தைத் திருப்பி என் கையில் வைப்பாள். மற்றவர்கள் ஓரங்களுக்குப் போயிருப்பார்கள், வளையத்தடி வெறிச்சோடிக் கிடக்கும். நான் போய்ப் போட வேண்டும். என் அக்கா மகள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதால் அந்தப் பெயர். தினமும் பயிற்சியின் முடிவில் நெட்டை இதைப் பத்துத் தடவை செய்யச் சொல்வாள், நானும் செய்வேன். ஆட்டத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயரை நான் சொன்னதில்லை.

சொன்னவள் அக்கா மகள் பாப்பா. நாலாவது ஆட்டம் எங்கள் சிமெண்டுத் தரையிலேயே நடந்தது. அக்கா அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைசி நிமிடத்தில் நான் கண்ணாடிக்கு எறியப் போகும்போது, பாப்பா பெஞ்சின் மேல் ஏறி நின்று "சித்தீ" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான். நான்கு பேரும் சித்திக்கு ஓடினார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடி இல்லை. நான் எறிந்த பந்து காற்றில் போய்த் தண்ணீர் டிரம்மில் இடித்து நின்றது. இரண்டு புள்ளியில் தோற்றோம். எனக்கு வந்த கோபத்தில் நான்கு பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். நெட்டை தலையைக் குனிந்துகொண்டு, நிஜமாகவே நீதான் கூப்பிட்டாய் என்று நினைத்துவிட்டேன் என்றாள்.

அன்றே மிஸ் சட்டம் போட்டார். ஆட்டம் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் யாரும் யாரையும் உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. பல்லியின் வீட்டுக்காரர் கைதட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். பாப்பாவுக்கு என்னைக் 'கேப்டன்' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தோம். அவள் வாயில் அது 'கேப்பன்' என்று வந்தது. பாதுகாப்புக்காக அக்கா ஒரு குச்சி மிட்டாயையும் வாயில் வைத்து அடைத்துவிடுவாள்.

அதற்கப்புறம் நாங்கள் தோற்கவில்லை. இதைச் சாதாரணமாகச் சொல்ல முயற்சி செய்கிறேன், முடியவில்லை. நாங்கள் தோற்கவே இல்லை! எங்களைவிட உயரமானவர்கள், எங்களைவிட நல்ல காலணி போட்டவர்கள், இரண்டு பயிற்சியாளர்கள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் நாத்தனாரில் முட்டி மாமியாரிடம் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். காலிறுதியில் ஜெயித்தபோது கல்லூரி அலுவலகத்திலிருந்து எங்களுக்குப் பிஸ்கட் வந்தது. அரையிறுதியில் ஜெயித்தபோது முதல்வரே வந்தார். அந்த அரையிறுதியில் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா மருந்துக் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்தாள். இரண்டு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று மிஸ் உத்தரவு போட்டார். வீட்டில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

இறுதி ஆட்டம் ஞாயிறு மதியம், இன்னொரு கல்லூரியின் உள்ளரங்கத்தில். மரத் தரை. எங்களில் பாதிப் பேர் மரத் தரையில் ஆடியதே கிடையாது. காலணி கீச்சிடும் ஒவ்வொரு தடவையும் புதுசு கீழே பார்த்தாள். அவள் சட்டை முதுகிலிருந்த எட்டாம் எண் பாதி உரிந்து மூன்றாகிவிட்டது என்று நடுவர் நிறுத்திக் கேட்க, மிஸ் மார்க்கர் பேனாவால் மீதியை வரைந்து கொடுத்தார். எதிரில் ஐந்து வருஷமாகத் தொடர்ந்து கோப்பை வாங்கிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் சும்மா வரவில்லை. எங்கள் காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் ஆள் அனுப்பி, நான் கத்திய சொந்தபந்தம் அத்தனையையும் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். நான் "பெரியம்மா" என்றதும் அவர்கள் தலைவி "பெரியம்மா வருது" என்று தன் ஆட்களுக்குச் சொன்னாள். இரண்டு பேர் நெட்டைமேல் ஏறி உட்காராத குறையாக ஒட்டிக்கொண்டார்கள்.

இருந்தும் விடவில்லை. பல்லி அவர்களுடைய தலைவியைக் கழிவறைக்குப் போனாலும் விடமாட்டாள் போலத் துரத்தினாள். கண்ணாடி தூரத்திலிருந்து நான்கு போட்டாள். இரண்டு தடவை பதினொரு புள்ளி பின்தங்கி, இரண்டு தடவையும் எட்டிப் பிடித்தோம். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று. அவர்கள் ஒரு புள்ளி முன்னால். ஒன்பது விநாடி. பந்து எங்களுடையது. மிஸ் டைம் அவுட் கேட்டார்.

என்ன போடப்போகிறாய் என்று மிஸ் கேட்டார். என் குரல் துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது. பெரியம்மா என்றேன். மிஸ் தாளை என் பக்கம் திருப்பினார். அந்தப் பாதியில் நெட்டை ஆறு தடவை போட்டு ஒன்றுதான் விழுந்திருந்தது, இரண்டு பேரைச் சுமந்துகொண்டு அவள் என்ன செய்வாள். பக்கத்திலேயே என் கட்டம். பூஜ்யம். நான் தாளைப் பார்க்காதவள்போல் காலணிக் கயிற்றைக் கட்டினேன். நெட்டை என்னைப் பார்த்தது தெரிந்தது. அவளையும் பார்க்கவில்லை.

இதை மறைக்க விரும்பவில்லை. ஜெயிப்பதற்காக நான் பெரியம்மா என்று சொல்லவில்லை. தோற்றால் அது என் கையால் தோற்றதாக இருக்கக் கூடாது, அதற்காகச் சொன்னேன்.

பந்து என் கைக்கு வந்தது. நடுக்கோட்டைத் தாண்டினேன். கையை உயர்த்தி, இருந்த குரலையெல்லாம் திரட்டி "பெரியம்மா" என்று கத்தினேன். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. பெரியவர்கள் எழுந்ததும் பாப்பாவுக்கு என்னைத் தெரியாமல் போயிருக்கிறது. பயந்து, மிட்டாயைக் கீழே போட்டுவிட்டு, உயிர் போகிற மாதிரி கத்தினாள்.

"சித்தீ!"

நெட்டை வளையத்தடியை விட்டு மேலே ஓடி வந்தாள். கண்ணாடியும் புதுசும் ஓரங்களுக்கு ஓடினார்கள், பல்லி எதிர்ப்பக்கம் போனாள். மறுபடியுமா? கொடுப்பதற்கு வேறு ஆள் இல்லை. நெட்டையிடம் பந்தைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் முடிவு செய்யவில்லை, கால்கள்தான் செய்தன. அவள் முதுகைச் சுற்றி ஓடினேன். பந்து என் கையில் வந்து உட்கார்ந்தது. அவளை ஒட்டிக்கொண்டிருந்த இருவரும் அவளோடு மேலே வந்துவிட்டிருந்தார்கள். இப்படி ஒரு உறவு எங்களுக்கு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. முன்னால் வெறும் தரை. வளையத்துக்கு வலப்பக்கம், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

அதே இடம். தள்ளிவிட ஆள் இல்லை. போட்டேன். பலகையில் பட்டு, விளிம்பைத் தொடாமல், உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

அடுத்த கால் மணி நேரம் எனக்குச் சரியாக நினைவில்லை. யாரோ என்னைத் தூக்கினார்கள், யாரோ கீழே போட்டார்கள். பதக்கம் வாங்கும்போது கண்ணாடி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள், பதக்கம் எங்கே என்று தேடினாள். அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன் இரண்டே ஆட்டம் ஜெயித்தவள். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மிஸ் என் கட்டத்தைக் காட்டினார். போட்டது ஒன்று, விழுந்தது ஒன்று. நூற்றுக்கு நூறு என்றேன். ஒரே ஒரு தடவையை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று மிஸ் சொன்னார், சொல்லும்போது அவர் குரலும் என் குரல் மாதிரியே இருந்தது.

வெளியே வருவதற்குள் கதை பரவிவிட்டது. குழந்தை கூப்பிட்டதை ஆட்டக்காரிகள் தப்பாக எடுத்துக்கொண்டார்களாம், அந்தத் தப்பிலேயே ஜெயித்தார்களாம். முதல்வர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அவள் புது மிட்டாய் கேட்டாள்.

திரும்பும்போது கல்லூரி வண்டியில் நெட்டை பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. எனக்குக் குரலும் இல்லை, வாய் சும்மாவும் இருக்கவில்லை. ஒரு தடவை பட்டும் புத்தி வரவில்லையா, கடைசி ஒன்பது விநாடியில் ஒரு குழந்தை குரலை நம்பி ஓடுவாயா, பந்து விழுந்ததால் பிழைத்தோம் என்று கிசுகிசுத்தேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். நெட்டை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ பெரியம்மான்னு கத்துனது கேட்டுச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நல்லாவே கேட்டுச்சுடி. தொண்ட கட்டுன உன் குரலும் நாலு வயசுக் கொழந்த குரலும் ஒண்ணா? மூணு வருஷமா கேக்குறேன். எனக்குத் தெரியாதா?"

முன் இருக்கையிலிருந்து பல்லி திரும்பினாள். "எனக்கும் ரெண்டும் கேட்டுச்சு. நெட்டை எந்தப் பக்கம் போறான்னு பாத்தேன். அவ மேல போனா, நானும் போய்ட்டேன்."

கண்ணாடியைப் பார்த்தேன். அவள் பதக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். புதுசுகூடத் தலையை ஆட்டினாள், முதலாமாண்டு!

"ஏன்டி?" என்றேன். காற்றுதான் வந்தது. ஆனால் நெட்டைக்குக் கேட்டது.

"அவங்க ரெண்டு பேர் எம்மேல இருந்தாங்க. நீ காலியா இருந்த" என்றாள். பிறகு, "போன வருஷமும் நீதான் போட்டிருக்கணும், சரியாத்தான் போட்ட. விழல, அவ்ளோதான். ஒரு வருஷமா சொல்லணும்னு இருந்தேன், எனக்குப் பேச வராது" என்றாள்.

ஒன்பது விநாடியில், ஒரு கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, நான்கு பேர் தங்கள் தலைவியின் பேச்சைக் கேட்காமல் தலைவியை நம்பியிருக்கிறார்கள். பந்து விழாமல் போயிருந்தால் பழி அவர்கள்மேல் விழுந்திருக்கும். அது தெரிந்துதான் ஓடியிருக்கிறார்கள். கோப்பை பெரிதுதான். இது அதைவிடப் பெரிது, எனக்கு.

வண்டியில் எல்லாரும் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள். தொண்டைக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று பல்லி அறிவித்தாள். நெட்டை என் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது நான் அதை அவளிடமிருந்து வாங்கி, அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.